அட்டை ஆடுகிறது, தாள் உதிர்கிறது: நூலக நூல்களுக்கான பழுதுநீக்கும் வழிமுறை

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், கல்லூரிப் படிப்பறை என எங்கே பார்த்தாலும் பழுதாகி ஒதுக்கப்படும் நூல்களில் பெரும்பகுதி ஏழெட்டுக் குறைகளுக்குள் அடங்கிவிடும். மதுரையைச் சுற்றியுள்ள சில வாசகசாலைகளுக்காக இந்த வேலையைச் செய்துவருவதில், அதே குறைகள் திரும்பத் திரும்ப மேசைக்கு வருவதையும், அவற்றில் பலவற்றை முன்பு நடந்த அவசரப் பழுதுபார்ப்பே உண்டாக்கியிருப்பதையும் கண்டிருக்கிறேன். ஆகவே கண்ணுக்குத் தெரியும் அடையாளத்திலிருந்து தொடங்கி, எளிய காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் சோதிக்கும் முறையில் இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: போடும் ஒட்டு, தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். ஒட்டு வலுவாக இருந்தால் அடுத்த முறை அதன் விளிம்பை ஒட்டித் தாள் கிழியும். கெட்டுப்போன ஒட்டை மாற்றலாம், கிழிந்த தாளை மாற்ற முடியாது.

எந்தக் குறையானாலும் முதலில் செய்ய வேண்டியது

நூலை எடுத்ததும் பசைக் கிண்ணத்தைத் தேட வேண்டாம். அது வாசகர் கையில் போய்வரும் சாதாரணப் படியா, வேறெங்கும் எளிதில் கிடைக்காத படியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இன்றும் அச்சில் உள்ள மலிவான நூலானால் புதுப்படி வாங்குவதே சிக்கனம். 1900க்கு முந்தைய பதிப்பு, ஆசிரியரின் கையொப்பமோ ஓரக்குறிப்போ உள்ள படி, கையெழுத்து ஏடு, பழைய நிலப்படம், ஓலைச்சுவடி ஆகியவை இந்த வழிமுறைக்குள் அடங்கா. அவற்றைக் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியில் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, வல்லுநரைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வல்லுநர் என்பதிலும் இரண்டு வகை உண்டு. பைண்டர் நூலைக் கட்டுபவர்; பாதுகாப்பு வல்லுநர் தாளின் வேதியியல் அறிந்து அதன் ஆயுளை நீட்டுபவர். முதலாமவரின் வேலையை இரண்டாமவரிடம் கொண்டுபோனால் பணம் வீணாகும்; இரண்டாமவரின் வேலையை முதலாமவரிடம் கொடுத்தால் நூல் வீணாகும். பாதுகாப்பு வேலைக்குத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடமும் வழிகேட்கத் தகுந்த இடங்கள்.

பொருள்களில் பசையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளில் தாளை ஒட்ட மாப்பசை. துணியும் அட்டையும் சேரும் இடத்தில் பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை. கடையில் கிடைக்கும் ஃபெவிகால் போன்றவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. உலர்ந்தபின் தண்ணீரில் இளகாத காரணத்தால், அவற்றைக் கிழிந்த பக்கத்தின் மேல் ஒருபோதும் தடவக் கூடாது. மாப்பசைக்கு மைதாவை அப்படியே காய்ச்சலாம் என்றாலும், அதிலுள்ள புரதம் பூச்சியை இழுக்கும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பது போலக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பாலைத் தெளியவைத்து, அடியில் படியும் வெண்மாவை மட்டும் எடுத்துக்கொள்வது மேல். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, இளந்தீயில் கண்ணாடி போலத் தெளியும் வரை கிளறி, ஆறியபின் துணியில் வடிகட்டுங்கள். இங்குள்ள வெக்கையில் அன்றே பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் பழையது. பூச்சி வராது என்பது உண்மைதான். ஆனால் அது நஞ்சு என்பதோடு, அதிலுள்ள செம்பு தாளின் நார் சிதைவதையும் விரைவுபடுத்தும். நாம் கலக்க வேண்டியதில்லை. பழைய கட்டைப் பிரித்து உலர்ந்த பசைத்தூளைச் சுரண்டினால், வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

அட்டை ஆடுகிறது, உள்நூல் முன்னே சரிகிறது

கெட்டி அட்டை நூல்களில் மிக அதிகமாக வரும் குறை இது. காரணம் பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும். கனமான நூல் பக்கத்தாங்கல் இல்லாமல் சாய்ந்து நின்றால், அட்டைக்குள் இருக்கும் தாள்கட்டான உள்நூலின் எடை முழுவதும், அதை அட்டையோடு இணைக்கும் ஒட்டுத்தாளின் மடிப்பில் தொங்குகிறது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் நூலைக் குப்புறக் கவிழ்த்து முதுகை அழுத்துவதும் அதே சேதத்தைத்தான் செய்யும். நூலைப் படுக்கவைத்து அட்டையைத் திறந்து, அட்டையும் உள்நூலும் சந்திக்கும் மடிப்பை விளக்கொளியில் பாருங்கள்.

*ஒட்டுத்தாள் கிழியாமல் விலகி மட்டும் இருந்தால்:* இது அரை மணி நேர வேலை. நீளமான பின்னலூசி வேண்டும். கிடைக்காவிட்டால் முனையை மழுக்கித் துடைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும். கம்பியில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, நூலை நிமிர்த்தி நிறுத்தி அட்டையைச் சற்றே விரித்து, ஒட்டுத்தாளுக்கும் அட்டைக்கும் இடையே உள்ள பிளவில் மேலிருந்து செருகிக் கம்பியைச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். பிறகு நூலைத் தலைகீழாக நிறுத்தி மறுமுனையிலும் அவ்வாறே செய்யுங்கள். முதுகின் உட்புறக் குழிவுக்குள் பசை போகக் கூடாது; போனால் முதுகுத் துணி உள்நூலோடு ஒட்டிக்கொண்டு, நூல் விரிய மறுக்கும். அட்டையை மூடி, வெளிப்புறப் பள்ளத்தில் மூங்கில் பத்தையால் அழுத்தித் தேய்த்து, அட்டைக்குள் இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, அதே பள்ளத்தில் ஒரு கம்பியைக் கிடத்தி, தாளில் சுற்றிய செங்கல்லை மேலே ஏற்றி ஓர் இரவு விடுங்கள். இடையில் வைக்கச் செய்தித்தாளை எடுக்காதீர்கள். அதன் மை ஈரத்தில் ஏறிவிடும். சித்திரை வெயில் காலத்தில் பசை கம்பியிலேயே ஏடு கட்டிவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு இரவுகள் எடையின் கீழ் இருக்கட்டும்.

*மடிப்பில் ஒட்டுத்தாள் கிழிந்து, உள்ளே வலைத்துணி (முதுகையும் அட்டையையும் பிடித்திருக்கும் சல்லாத் துணி) முழுதாகத் தெரிந்தால்:* மேற்சொன்னவாறு மடிப்பை முதலில் இறுக்குங்கள். அது உலர்ந்தபின், கிழிந்த மடிப்பின் மேல் சுமார் 2 செ.மீ. அகலமுள்ள மெல்லிய தாள் பட்டையை மாப்பசையால் ஒட்டுங்கள். பட்டையின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். தாளை இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், எத்திசையில் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் நீளவாக்கிலேயே நார் ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் குறுக்குநார் பட்டையை ஒட்டினால், பசை உலரும்போது மடிப்பு அலையலையாகச் சுருங்கி, அட்டை மூடாமல் நிற்கும்.

*வலைத்துணியும் அறுந்து அட்டை கையோடு வந்துவிட்டால்:* உள்நூலின் தையல் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதுகில் புது வலைத்துணி ஒட்டி அதே அட்டையில் திரும்பக் கோக்கலாம். நான்கைந்து பழைய நோட்டுப் புத்தகங்களில் கை பழகாமல் நூலக நூலில் இதைத் தொடங்க வேண்டாம், பைண்டரிடம் கொடுக்கலாம். தையலும் தளர்ந்திருந்தால் தாள்கள் உதிரும் குறைக்கான பகுதிக்குப் போங்கள்.

ஒரே ஒரு தாள் கழன்று நீட்டிக்கொண்டிருக்கிறது

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தைத்த நூல்களில் தாள்கள் பாரம் எனப்படும் மடிப்புக் கட்டுகளாக இருக்கும்; ஒவ்வொரு தாளும் அதே பாரத்தின் மறுபாதியில் உள்ள ஓர் இணைத்தாளோடு ஒரே துண்டாக இருக்கும். யாரேனும் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்துச் சென்றிருந்தால், அதன் இணைத்தாள் பிடிப்பில்லாமல் சில மாதங்களில் கழன்றுவிடும். ஆகவே பாரத்தின் தொடக்கத்திலிருந்து பக்க எண்களைப் பாருங்கள். எண் தாவியிருந்தால், கழன்ற தாளை ஒட்டுவதோடு, காணாமற்போன பக்கத்தின் நகலை வேறு நூலகத்திலிருந்து பெற்று அதையும் சேர்க்க வேண்டும். மதுரையில் நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களிலோ அதே பதிப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கலாம். பதிப்பாண்டு மாறினால் பக்கங்கள் பொருந்தாமற்போகும்.

எண்கள் ஒழுங்காக இருந்தால், தாளின் உள்விளிம்பை விட்டு 3 மி.மீ. தள்ளி ஒரு வீண்தாளை மேலே வைத்து மறைத்து, வெளியே தெரியும் விளிம்பில் மட்டும் பசை தடவுங்கள். நூலை விரித்து, தாளை உள்மடிப்பு வரை தள்ளி, மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மற்றத் தாள்களோடு சமமாக இருக்கும்படி அமர்த்துங்கள். வெளிவிளிம்பு சற்று நீட்டிக்கொண்டிருந்தால், ஒட்டுவதற்கு முன்பே உள்விளிம்பில் அந்த அளவு நறுக்கிவிடலாம்; உலர்ந்தபின் வெளிவிளிம்பை வெட்டினால் பல் தெரியும். இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து மூடி எடை ஏற்றுங்கள்.

ஒட்டிய தாள் இரண்டாம் முறையும் வருகிறதென்றால் அது தனித்தாளின் குறை அன்று. முதுகுப் பசையே உலர்ந்து உடைந்துகொண்டிருக்கிறது.

தாள்கள் கொத்துக்கொத்தாக உதிர்கின்றன

முதுகின் மேல்முனையை நேராகப் பாருங்கள். சிறு சிறு மடிப்புக் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் அது பாரம் பாரமாகத் தைத்த நூல். பெரும்பாலும் ஒரு பாரத்துக்கு 16 பக்கம். மடிப்பே இல்லாமல் தனித்தாள்கள் பசையில் நின்றால் அது பெர்ஃபெக்ட் பைண்டிங். பக்கவாட்டில் கம்பிப் பின் தெரிந்தால் மூன்றாவது வகை. இந்த மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு.

*பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால்:* போட்டித் தேர்வுக்குப் படிப்போர் மொய்க்கும் நூலகங்களில் வரும் குறை இது. டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள் தடித்த நூல்கள். மெல்லிய தாள், சூடாக ஊற்றிய பசை, நாளொன்றுக்குப் பல கைகள், அகல விரித்துப் படம் பிடிக்கும் செல்பேசிகள். முதுகு நடுவில் பிளந்து, நூல் இரண்டாகும். பிளவில் ஃபெவிகாலைக் கொட்டி மூடுவது வழக்கமாக நடக்கும் வைத்தியம்; பசை பிளவிலிருந்து இருபுறமும் பரவிப் பத்துப் பக்கங்களை ஒரே பலகையாக்கிவிடும்.

சரியான முறைக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. மேலட்டையை முதுகிலிருந்து கவனமாகப் பிரித்து எடுங்கள். முதுகில் உள்ள பழைய பசையைச் சுரண்டி, தாள்களைத் தட்டி முதுகுப்பக்கம் ஒரே மட்டமாக்குங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே, முதுகு மேல்நோக்கி ஓர் ஐந்து செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு கட்டுங்கள். நீட்டிய பகுதியை ஒருபக்கமாகச் சாய்த்தால் ஒவ்வொரு தாளின் விளிம்பும் மயிரிழை அளவு வெளிப்படும். அந்த நிலையில் வெள்ளைப் பசையைத் தூரிகையால் தடவுங்கள். அடுத்து எதிர்ப்பக்கம் சாய்த்து மீண்டும் தடவுங்கள். நிமிர்த்தி, முதுகின் மேல் வலைத்துணியை ஒட்டி, இறுக்கி ஓர் இரவு விடுங்கள். இரு பக்கமும் சாய்ப்பதுதான் இதன் உயிர். அப்போதுதான் தாள்களுக்கு இடையில் அரை மி.மீ. அளவு பசை இறங்கி ஒவ்வொரு தாளையும் தனித்தனியே பிடிக்கும். பளபளப்பான ஆர்ட் தாளில் இந்தப் பசை பிடிக்காது. படங்கள் நிறைந்த அத்தகைய நூலைப் பைண்டரிடம் அனுப்புங்கள்.

*பாரம் பாரமாகத் தைத்த நூல் என்றால்:* கழன்றது முதல் பாரமோ கடைசிப் பாரமோ மட்டுமானால், மடிப்பின் நடுவில் உள்ள பழைய துளைகளின் வழியாகவே தைத்து, நூலிழையை முதுகின் வலைத்துணியில் கோத்து முடிச்சிடலாம். பருத்தி அல்லது லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் நூல் தாளை அறுக்கும். மடிப்பே கிழிந்திருந்தால், தைப்பதற்கு முன் மடிப்பின் வெளிப்புறம் மெல்லிய தாள் பட்டையை மாப்பசையால் ஒட்டி உலரவிட வேண்டும். நடுப் பாரங்களும் தளர்ந்திருந்தால் நூல் முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டும். அது பைண்டரின் வேலை.

*கம்பிப் பின் என்றால்:* பின் துருவேறித் தாளை அரித்திருக்கும். மதுரைப் புதுமண்டபத்துக் கடைகளில் வாங்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து நன்கொடையாக வரும் பழைய பாடநூல்களில் இதை அடிக்கடி காணலாம். பின்னின் கால்களைப் பின்புறம் மெல்ல நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, துருத்தூளைத் துலக்கிவிட்டு, அதே துளைகளில் நூலால் தையுங்கள். முன்புறத்திலிருந்து இடுக்கியால் பிடுங்கினால் தாளும் கூடவே வரும்.

*பைண்டரிடம் கொடுப்பது என்று முடிவானால்:* இந்த இடத்தில்தான் நூலகங்கள் மிகுதியாக இழக்கின்றன என்பது என் கருத்து. மொத்தமாக அனுப்பும் நூல்களுக்கு வழக்கமாக நடப்பது, மூன்று பக்கமும் வெட்டி, பக்கவாட்டில் குத்தித் தைத்து, காலிகோ எனப்படும் பைண்டிங் துணியை ஒட்டித் தருவது. கட்டு இரும்பு போல நிற்கும். ஆனால் உள்விளிம்பு தையலுக்குள் போய்விடுவதால் நூல் விரியாது. வாசகர் அழுத்தி விரிப்பார், தாள் தையலோரம் கிழியும். அடுத்த பைண்டிங்கில் இன்னொரு வெட்டு விழுந்தால் எழுத்தே போய்விடும். ஆகவே ஒவ்வொரு நூலுக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: ஓரம் வெட்டக் கூடாது, பக்கவாட்டுத் தையல் கூடாது, பாரத்தின் மடிப்பில்தான் தைக்க வேண்டும், பழைய அட்டையின் தலைப்புப் பகுதியைத் திருப்பித் தர வேண்டும், விளம்பரப் பக்கங்கள் உட்பட எந்தத் தாளையும் நீக்கக் கூடாது. தனித்தாள் நூலுக்குப் பக்கவாட்டுத் தையல் தவிர்க்க முடியாதது என்று அவர் சொன்னால், உள்விளிம்பை அளந்து பாருங்கள். 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கூலி சற்று கூடும்; அந்தக் கூடுதல் கூலியைத் தரலாம்.

முதுகின் மேல்முனை கிழிந்து தொங்குகிறது

அலமாரியிலிருந்து நூலை எடுக்கும்போது எல்லோரும் மேல்முனையில் விரலை மாட்டி இழுக்கிறோம். நூல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தால் முனை கையோடு வரும். அதனால் முதல் மருந்து, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு விரல் இடம் விடுவது.

மேல்முனை மட்டும் கிழிந்திருந்தால், அதே நிறக் காலிகோத் துண்டை முதுகுத் துணிக்கு அடியில் செருகி வெள்ளைப் பசையால் ஒட்டி, முனையை உள்பக்கம் மடித்துவிடுங்கள். முதுகுத் துணி முழு நீளத்துக்கும் ஒருபுறம் கிழிந்திருந்தால் முதுகை மாற்ற வேண்டும்: பழைய முதுகைத் தலைப்போடு சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டு, இருபுற அட்டைத் துணியையும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. வரை தூக்கி, புதுக் காலிகோவை அதன் அடியில் நுழைத்து ஒட்டி, நடுவில் முதுகின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கெட்டித்தாளை வைத்து, கடைசியில் பழைய தலைப்பை மேலே ஒட்டுங்கள். கெட்டித்தாள் ஒரு மி.மீ. அகலம் கூடினாலும் அட்டை திறக்கும்போது மடிப்பைக் குத்தும். அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் முறை எண் சீட்டு பழைய இடத்திலேயே வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். தோல் முதுகு செம்பொடியாக உதிர்ந்தால் ஒட்ட முயல வேண்டாம்; துணியில் சுற்றிவைத்துப் பாதுகாப்பு வல்லுநரைக் கேளுங்கள்.

பக்கம் கிழிந்திருக்கிறது

கிழிசலின் விளிம்பில் வெண்மையான நார்ப் பட்டை தெரிந்தால், இரு விளிம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும். அந்தப் பட்டையில் மட்டும் மாப்பசை தொட்டு, எழுத்துகள் சேருமாறு பொருத்தி, பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தினாலே போதும். வேறு ஒட்டு வேண்டியதில்லை. கத்தி போட்டது போன்ற நேர்க்கிழிசல் என்றால் மெல்லிய நீள்நார்த் தாள் தேவை. ஜப்பானியத் திசுத்தாளை வரவழைப்பதே நல்லது. பட்டம் ஒட்டும் வண்ணத்தாள் உதவாது. ஈரம் பட்டதும் சாயம் இறங்கும். திசுத்தாளைக் கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிரித்தால் விளிம்பில் நார்கள் நீண்டு நிற்கும். அந்த நார்கள்தான் ஒட்டை உறுத்தாமல் தாளோடு இழைய வைக்கின்றன. ஒரு செ.மீ. அகலப் பட்டை போதும்.

பசை தடவுவதற்கு முன், ஈரப் பஞ்சுமுனையால் அச்சிலும் முத்திரையிலும் ஒரு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். அச்சு மை பெரும்பாலும் அசையாது. நூலக ரப்பர் முத்திரையின் ஊதா மை ஓடிவிடும். ஓடினால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள்.

*ஏற்கெனவே செல்லோடேப் ஒட்டியிருந்தால்:* டேப் பழையதாகி மஞ்சளாகக் காய்ந்திருந்தால், பிளாஸ்டிக் தானாகவே பிரிந்து வந்துவிடும். கறை மட்டும் நிற்கும். கறையை விட்டுவிடுங்கள், அது படிப்பதைத் தடுப்பதில்லை. டேப் புதிதாக இருந்தால், முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டில் இளக்கி, டேப்பைத் தாளோடு படிந்தவாறே பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் அச்சும் சேர்ந்து உரிந்துவரும். அசிட்டோன், பெட்ரோல் போன்றவற்றால் துடைப்பது பாதுகாப்பு வல்லுநரின் கூடத்தில் செய்யும் வேலை. நூலக மேசையிலிருந்து செல்லோடேப்பை அகற்றிவிட்டால் இந்தப் பகுதியின் பாதி தேவைப்படாது.

தாள் பழுப்பேறி, தொட்டால் ஒடிகிறது

எழுத்தில்லாத ஒரு மூலையை மெதுவாக முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்புக்குள் மூலை கையில் வந்தால், அந்த நூலை ஒட்டவோ தைக்கவோ முடியாது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் ஊறிவிட்டது. எந்த ஒட்டும் அதன் விளிம்பில் ஒரு புதிய ஒடிவைத்தான் உண்டாக்கும். லாமினேஷன் செய்யும் யோசனை எப்போதும் யாரிடமிருந்தாவது வரும். சூட்டில் உருகி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க வழியில்லை. அமிலமும் உள்ளேயே அடைபடும்.

இங்கு செய்யத்தக்கது உள்ளடக்கத்தைக் காப்பாற்றுவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாசகருக்கு அதைக் காட்டி, நூலை உறையிலிட்டுப் படுக்கவைத்துவிடலாம். இல்லையென்றால், அதை மின்படியாக்கும் நிறுவனங்களோடு பேசுங்கள். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானபோது, அத்தகைய தாள்களுக்குச் செய்யப்பட்ட பெரிய வேலை நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்ததுதான். சிற்றூர் நூலகத்தில் உள்ள ஒற்றைப் படிக்கும் இந்த வழிதான் உண்டு.

நனைந்துவிட்டது, அல்லது பூஞ்சை பூத்திருக்கிறது

ஒழுகும் கூரை, மூடாத சன்னல், சுவரோரம் நிறுத்திய அலமாரி என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள். நூல் நனைந்து 48 மணி நேரத்துக்குள் உலரத் தொடங்காவிட்டால் பூஞ்சை வரும் என்பதால், முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். சொற்ப ஈரமானால், நூலை நிமிர்த்தி விசிறி போல விரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். முழுதும் நனைந்த நூலை நிமிர்த்தினால் கிழியும். படுக்கவைத்து, இருபது தாளுக்கு ஒன்றாக ஒற்றுத்தாளை இடையில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். ஆர்ட் தாள் நூல் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் வைக்க வேண்டும். ஒருமுறை ஒட்டி உலர்ந்துவிட்டால் அது செங்கல்தான். கையாள முடியாத அளவு நூல்கள் நனைந்தால், பாலித்தீன் பையிலிட்டு ஆழ்உறைபெட்டியில் (டீப் ஃப்ரீசரில்) வைத்து நேரம் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். உச்சிவெயிலில் காயவைத்தால் அட்டை வளைந்து, மை வெளுக்கும்.

பூஞ்சையை ஒரு தூரிகை முனையால் தொடுங்கள். ஈரமாக இழுபட்டால் அது உயிருள்ளது; நூலைத் தனியே பிரித்து, உலர்ந்த காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காத்திருங்கள். காய்ந்த பொடியாக உதிர்ந்தால், திறந்தவெளியில், என்95 முகக்கவசத்தோடு, மென்தூரிகையால் உங்களை விட்டு வெளிப்புறமாகத் துலக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. துலக்கிய நூலைத் திரும்ப வைப்பதற்கு முன், அறையின் ஈரப்பதத்தை ஒரு சிறு ஈரமானியால் பாருங்கள். 65 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் அதே நூல் திரும்பவும் பூக்கும். ஒரு தட்டு முழுவதும் பூத்திருந்தால் அது கட்டடத்தின் குறை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

துளைகளும் தூளும் தெரிகின்றன

தாளின் மேற்பரப்பு சீரற்றுச் சுரண்டப்பட்டு, சீட்டும் முதுகுப் பசையும் தின்னப்பட்டிருந்தால் அது இராமபாணப் பூச்சி; இருட்டும் ஈரமும் உள்ள மூலையைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் தந்தால் குறையும். அட்டையிலிருந்து உள்ளே வரை குண்டூசி அளவு வட்டத் துளைகள் ஊடுருவினால் புத்தக வண்டு. சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். அதற்குப் பூச்சிக்கட்டுப்பாட்டு வேலை தெரிந்தவரை அன்றே அழைத்து, அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும்.

வண்டு இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதை அறிய, நூலைத் தட்டித் தூளை நீக்கி, வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதுத் தூள் விழாவிட்டால் துளைகள் பழையவை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விழுந்தால், நூலைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி மூடி, சுமார் −20 பாகை செல்சியசில் ஆழ்உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். சாதாரணக் குளிர்பெட்டியின் மேலறை அவ்வளவு குளிராது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். உடனே திறந்தால் மதுரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின் மேல் முத்துமுத்தாகப் படியும். அந்துருண்டை வண்டை உள்ளே சென்று கொல்லாது. அதன் ஆவி படிப்பறையில் அமர்ந்திருப்போருக்கும் நல்லதன்று. வசம்பும் வேப்பிலையும் புதிதாக வரும் பூச்சியை ஓரளவு தள்ளிவைக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை அவை தொடுவதில்லை. துளை விழுந்த தாள்களை நிரப்பும் வேலை வல்லுநருக்கு உரியது. வாசிப்புப் படியில் துளைகள் எழுத்தை விழுங்காத வரை அவற்றை அப்படியே விட்டு, அருகில் இருந்த நூல்களையும் அதே தட்டின் பின்பலகையையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.